தோத்துப்போன வாதத்துக்கு தீர்ப்புல என்ன ஆகுது?

நீங்க கேட்டது சுருக்கமா இதுதான்: உங்க வக்கீல் பத்து பாயிண்ட் வாதாடினார், தீர்ப்புல நாலுக்குத்தான் பதில் இருக்கு, ஒரு முக்கியமான பாயிண்டுக்கு "ஏற்புடையதல்ல"ன்னு ஒத்தை வார்த்தை, மீதியைப் பத்தி பேச்சே இல்ல. ஜட்ஜ் இப்படி எழுதலாமா, முடிவை முன்னாடியே எடுத்துட்டு அப்புறம் அதுக்கு காரணம் தேடி எழுதுறாங்களா, தள்ளுபடி ஆன வாதம் அத்தோட செத்துப்போச்சா? மூணுமே நல்ல கேள்வி, மூணுக்கும் பதில் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தப்பட்டது, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

முதல்ல நேரடி பதில். எல்லா வாதத்துக்கும் பதில் சொல்லணும்னு சட்டம் பொதுவா ஜட்ஜை கட்டாயப்படுத்துறதில்ல. ஆனா எந்த பாயிண்ட் உங்க பக்கம் வந்திருந்தா கேஸோட முடிவே மாறியிருக்குமோ அந்த பாயிண்டுக்கு பதில் சொல்லியே ஆகணும், அதுவும் "ஏன்"ங்கிறதோட. அது இல்லாத தீர்ப்பு குறைபாடுள்ள தீர்ப்பு, அப்பீல்ல அதை மட்டுமே வச்சு ரத்து பண்ணின கேஸ்கள் நிறைய இருக்கு.

தீர்ப்புல காரணம் எழுதுறது யாருக்காகன்னு யோசிச்சுப் பாருங்க. ஜெயிச்சவர் கடைசிப் பக்கத்தைப் பார்த்துட்டு சந்தோஷமா வீட்டுக்குப் போயிடுவார், அவருக்கு காரணம் பெருசா தேவையில்ல. வரி வரியா உட்கார்ந்து படிக்கிறவர் தோத்தவர்தான். அவர் சொன்னது ஜட்ஜ் காதுல விழுந்துச்சா, விழுந்தும் ஏன் ஒத்துக்கல, இதை அவர் தெரிஞ்சுக்கிறதுக்குத்தான் அந்த முப்பது நாப்பது பக்கமும். ரெண்டாவதா அப்பீல் கோர்ட், காரணம் தெரிஞ்சாத்தான் அது சரியா தப்பான்னு அவங்க பார்க்க முடியும். மூணாவதா நாளைக்கு இதே மாதிரி கேஸோட வரப்போற யாரோ ஒருத்தர். அதனால ஒரு தீர்ப்பு நல்லா எழுதப்பட்டிருக்கான்னு பார்க்க நான் போய் நிக்கிற இடம் ஒண்ணுதான், தோத்த பக்கத்தோட வலுவான வாதத்தை அந்த ஜட்ஜ் எப்படி கையாண்டிருக்கார்ங்கிற இடம். ஜெயிச்ச பக்கத்து வாதத்தை அழகா எழுதுறது யாருக்கும் வரும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, இந்தியாவுல சிவில் கேஸுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்துல ஆர்டர் 20 ரூல் 4 படி வழக்கோட சுருக்கம், தீர்மானிக்க வேண்டிய விஷயங்கள், அதுல எடுத்த முடிவு, அதுக்கான காரணம் இது நாலும் இருக்கணும், ரூல் 5 படி ஒவ்வொரு எழுவினாவுக்கும் (கேஸுல கோர்ட் தீர்மானிக்க எடுத்துக்கிற கேள்வி, இங்கிலீஷ்ல இஷ்யூ) தனித்தனியா முடிவும் காரணமும் சொல்லணும் (ஒரு எழுவினாவுக்கு வர்ற பதிலே கேஸை முடிச்சு வைக்கப் போதும்னா மட்டும் மத்ததை விடலாம்). அப்பீல் கோர்ட்டுக்கு ஆர்டர் 41 ரூல் 31. கிரிமினல் கேஸுக்கு முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 354-வது பிரிவு, 2024 ஜூலையில இருந்து அதுக்குப் பதிலா வந்த புது சட்டத்துல 393. மரண தண்டனைன்னா "சிறப்புக் காரணங்கள்" தனியா எழுதணும். கவனிச்சீங்களா, சட்டம் கேட்கிறது எழுவினாவுக்கு பதில், வாதத்துக்கு பதில்னு இல்ல. ஒரே எழுவினாவுக்குள்ள பத்து வாதம் இருக்கலாம், அந்த இடைவெளியிலதான் உங்க பிரச்சனை உட்கார்ந்திருக்கு. காரணம் இல்லாம வெறும் முடிவு மட்டும் சொன்னா அது தீர்ப்பே இல்லன்னு 1969-லயே ஸ்வர்ணலதா கோஷ் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

இது என்னைக்கும் இப்படியே இருந்ததுன்னு நினைக்காதீங்க. பிரான்ஸ்ல புரட்சிக்கு முன்னாடி பெரிய கோர்ட்டுகள் காரணமே சொல்லாமத்தான் தீர்ப்பு கொடுத்துட்டு இருந்தாங்க, 1790 ஆகஸ்ட்ல வந்த சட்டம்தான் காரணத்தை எழுதியே ஆகணும்னு வச்சது. அதிகாரத்துல இருக்கிறவங்க ஏன்னு சொல்ல வேண்டியதில்லங்கிற பழைய நினைப்பை உடைச்ச சட்டங்கள்ல இதுவும் ஒண்ணு. இன்னைக்கும் ஜூரி முறை இருக்கிற பல நாடுகள்ல ஜூரி காரணம் சொல்றதில்ல, குற்றவாளி அல்லது இல்லன்னு ஒரு வார்த்தைதான். ஆனா அங்க ஜட்ஜ் ஜூரிக்கு சட்டத்தை விளக்கிச் சொல்றது பதிவாகுது, அதுல தப்பு இருந்தா அப்பீல் போகலாம்.

இப்ப ரெண்டாவது கேள்வி, முடிவு முதல்ல காரணம் அப்புறமா? நேர்மையா சொல்லணும்னா பல நேரம் ஆமா. 1929-ல ஹட்சிசன்னு ஒரு அமெரிக்க ஃபெடரல் ஜட்ஜ் வெளிப்படையாவே எழுதினார், எல்லாத்தையும் படிச்சு யோசிச்சு ஊறப்போட்டு கடைசியில மனசுல ஒரு பொறி தட்டுது, அதுதான் முடிவு, அப்புறம்தான் அதுக்கு நியாயம் எழுதுறோம்னு. அப்ப பெரிய சலசலப்பு ஆச்சு. ஆனா இதுல அதிர்ச்சியாக ஒண்ணுமில்ல, ஒரு கணக்கை போடுறவர்கூட விடை இப்படித்தான் இருக்கும்னு முதல்ல ஊகிச்சுட்டு அப்புறம்தான் படிப்படியா நிரூபிக்கிறார், ஊகிச்சார்ங்கிறதுக்காக நிரூபணம் பொய்யாகிடாது. எப்படி அந்த முடிவுக்கு வந்தார்ங்கிறது ஒரு விஷயம், அந்த முடிவை எது தாங்கி நிக்குதுங்கிறது வேற விஷயம். தீர்ப்பு ரெண்டாவதைத்தான் காட்டணும்.

எழுதுறதுங்கிற வேலையே ஒரு சோதனைதான். மனசுல தெளிவா இருந்த முடிவு, தோத்த பக்கத்து வாதத்துக்கு பதில் எழுத உட்காரும்போது நகர மாட்டேங்கும். "எழுத வரல"ன்னு ஜட்ஜுங்க சொல்றது இதைத்தான், அமெரிக்காவுல இதுக்கு பேரு பெற்ற ஒரு சொலவடையே இருக்கு. பேனாவை எடுத்து மூணாவது பாராவுல எதிர்வாதத்துக்கு பதில் கிடைக்காம முடிவையே மாத்தினவங்க இருக்காங்க. அதனாலதான் காரணம் எழுதுற கடமையை நான் ரொம்ப பெருசா நினைக்கிறேன். காரணம் எழுத வேண்டாம்னு விட்டுட்டா அந்த மூணாவது பாரா வரவே வராது, தப்பான பொறியும் சரியான பொறியும் ஒரே மாதிரி தீர்ப்பாகிடும்.

ஒரு கேஸை கிட்டப்போய் பார்ப்போம். கட்டடத்தைப் பார்த்து மதிப்பிடுற சர்வேயரோட ரிப்போர்ட்டை நம்பி வீடு வாங்கினவங்க, கட்டடத்துல கோளாறு இருக்குன்னு அப்புறம் தெரிஞ்சு, சரியா பார்க்காம ரிப்போர்ட் கொடுத்தாங்கன்னு இங்கிலாந்துல கேஸ் போட்டாங்க. ரெண்டு பக்கமும் எக்ஸ்பர்ட் சாட்சி, நாள் கணக்குல விசாரணை, ரெண்டு எக்ஸ்பர்ட்டும் நேரெதிரா சொல்றாங்க. டிரையல் ஜட்ஜ் தீர்ப்புல எழுதினது, பிரதிவாதி தரப்பு எக்ஸ்பர்ட் சாட்சியத்தையே நான் ஏத்துக்கிறேன், அவ்வளவுதான். ஏன் ஏத்துக்கிறேன்னு இல்ல. 1999-ல கோர்ட் ஆஃப் அப்பீல் இதை ரத்து பண்ணி மறுபடி விசாரிக்கச் சொன்னாங்க. பொய் சொல்ற சாட்சியா நேர்மையான சாட்சியாங்கிற கேள்வின்னா "இவரை நம்புறேன், அவரை நம்பல"ன்னு சொல்றதுக்கு மேல சொல்ல சில சமயம் ஒண்ணும் இருக்காது, ஆனா ரெண்டு படிச்ச எக்ஸ்பர்ட்டுங்க தரவும் தர்க்கமும் வச்சு மோதும்போது ஜட்ஜும் அந்த தர்க்கத்துக்குள்ள இறங்கித்தான் ஆகணும்னு சொன்னாங்க. ஜட்ஜோட முடிவு தப்புன்னு அவங்க சொல்லல பாருங்க. சரியா தப்பான்னே தெரிஞ்சுக்க முடியல, அதுதான் தப்புன்னாங்க.

இந்த தீர்ப்புக்கு அப்புறம் தோத்தவங்க எல்லாரும் "என் வாதத்துக்கு பதில் இல்ல"ன்னு அப்பீலுக்கு வர ஆரம்பிச்சுட்டாங்க. அதனால 2002-ல அதே கோர்ட் எமரி ரைம்போல்ட் வழக்குல எல்லையைப் போட்டது. ஜட்ஜ் முன்னாடி வச்ச ஒவ்வொரு வாதத்துக்கும் பதில் வேண்டாம், ஆனா முடிவுக்கு அத்தியாவசியமான விஷயங்களும் அதை எப்படி தீர்த்தார்ங்கிறதும் தெரியணும், வாதத்தையும் ஆவணத்தையும் கூட வச்சு தீர்ப்பைப் படிச்சா ஏன் தோத்தோம்னு அந்த கட்சிக்காரருக்குப் புரியணும். இந்த அளவுகோலைத்தான் உங்க தீர்ப்பு மேலயும் நான் வச்சுப் பார்ப்பேன்.

நடைமுறையில இது எப்படி இருக்கும்னு ஒரு கற்பனைக் கேஸ் வச்சு காட்டுறேன். கடன் பத்திரத்தை வச்சு வாதி பணம் கேட்கிறார், பிரதிவாதி "கையெழுத்து என்னுதுதான், ஆனா வெத்துத் தாள்ல வாங்கி அப்புறம் நிரப்பிட்டாங்க"ன்னு சொல்றார். மோசமான தீர்ப்பு இப்படி போகும்: "பிரதிவாதி தரப்பு வாதம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. அதில் வலு ஏதும் இருப்பதாக இந்நீதிமன்றம் கருதவில்லை. எனவே ஏற்புடையதல்ல." மூணு வாக்கியம், ஒரு காரணம்கூட இல்ல. நல்ல தீர்ப்பு இப்படி போகும்: கையெழுத்தை ஒத்துக்கிட்டதால பத்திரம் எப்படி வந்ததுன்னு விளக்க வேண்டியவர் பிரதிவாதி. வெத்துத் தாள்ல கையெழுத்து வாங்கி அப்புறம் எழுதியிருந்தா, கையெழுத்துக்கு மேல இருக்கிற இடத்துக்குள்ள அடைக்கிறதுக்காக வரிகள் நெருங்கியோ இழுபட்டோ இருக்க வாய்ப்பு உண்டு, இந்த பத்திரத்துல வரி இடைவெளி கடைசி வரைக்கும் சீரா இருக்கு. வக்கீல் நோட்டீஸுக்கு அவர் கொடுத்த பதில்ல வெத்துத் தாள் பேச்சே இல்ல, எதிருரையிலதான் (கேஸுக்கு அவர் கோர்ட்ல எழுத்துல கொடுத்த பதில்) முதல் தடவையா வருது. பிரதிவாதி தன்னோட வாதத்துக்கு பலமா காட்டினது, பத்திரத்துல ரெண்டு வேற மையில எழுத்து இருக்குங்கிறது, அது உண்மைதான், ஆனா ரெண்டாவது மையில இருக்கிறது சாட்சிகளோட விலாசம் மட்டும், தொகையோ தேதியோ இல்ல. அதனால வாதம் ஏற்கப்படல.

அந்த ரெண்டு மை விஷயத்தைப் பாருங்க. பிரதிவாதிக்கு சாதகமா இருந்த ஒரே பொருளை ஜட்ஜ் தானே எடுத்து வெளிச்சத்துல வச்சு, அது உண்மைதான்னு ஒத்துக்கிட்டு, அதுக்கப்புறமும் ஏன் போதாதுன்னு சொல்றார். தோத்தவருக்கு கோபம் இருக்கும், ஆனா "என்னைக் கேட்கவே இல்ல"ன்னு சொல்ல முடியாது. தப்பா இருந்தா அப்பீல்ல எந்த இடத்துல அடிக்கணும்னும் அவருக்குத் தெரியும், விலாசம் மட்டும்தானா, தேதியும் அந்த மையிலயான்னு போய் பார்க்கலாம்.

ஒரு தீர்ப்புல வாதம் "போயிடுச்சு"ன்னு சொன்னா அது பல விதமா போயிருக்கலாம், எல்லாத்தையும் ஒண்ணா நினைச்சுடாதீங்க. கேட்டு, எடைபோட்டு, காரணம் சொல்லி தள்ளினது ஒரு வகை, மேல சொன்ன மாதிரி. இதுக்குள்ளயே "இந்த வாதம் சரின்னே வச்சுக்கிட்டாலும் முடிவு மாறாது"ன்னு தள்ளுறதும் வரும், இதை ரொம்ப கவனமா படிங்க, ஏன்னா அங்க ஜட்ஜ் உங்க வாதத்தை தப்புன்னு சொல்லவே இல்ல, அதனால உங்களுக்குப் பிரயோஜனமில்லன்னு மட்டும்தான் சொல்லியிருக்கார். அடுத்தது, அந்த கேள்விக்குள்ள போக வேண்டிய அவசியமே வரலன்னு திறந்தே விடுறது. கேஸ் ஒரு பாயிண்ட்லயே முடிஞ்சுட்டா மத்த சட்டக் கேள்விகளைத் தொடாம விடுறது நல்ல பழக்கம்தான், அப்படி விட்ட வாதம் தோக்கல, அடுத்த கேஸுல யார் வேணா எடுக்கலாம். ப்ளீடிங்ல (ரெண்டு தரப்பும் ஆரம்பத்துல எழுத்துல வச்ச வழக்குரை, எதிருரை) இல்லாததை கடைசி நேரத்துல எடுத்தீங்கன்னு சொல்லி உள்ளயே விடாதது இன்னொரு வகை. சுப்ரீம் கோர்ட் ஸ்பெஷல் லீவ் மனுவை (அப்பீல் பண்ண சிறப்பு அனுமதி கேட்கிற மனு) "டிஸ்மிஸ்ட்"னு ஒரே வார்த்தையில முடிக்கிறதும் இங்கதான் வரும். காரணம் சொல்லாம அப்படி தள்ளுபடி பண்ணினா கீழ்க் கோர்ட் சொன்னதை சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கிட்டதா அர்த்தமாகாதுன்னு 2000-ல குஞ்ஞயம்மது வழக்குல தெளிவா சொல்லியிருக்காங்க, "சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு"ன்னு எதிர்த்தரப்பு சொன்னா நம்பிடாதீங்க.

அப்புறம் "இந்த வாதம் வலியுறுத்தப்படவில்லை"ன்னு எழுதுறது. இது ஆபத்தான வரி. உங்க வக்கீல் அரை மணி நேரம் வாதாடியிருப்பார், தீர்ப்புல வலியுறுத்தலன்னு இருக்கும். மேல் கோர்ட்ல போய் "இல்ல, வாதாடினோம்"னு அஃபிடவிட் போட்டா எடுபடுமான்னா, எடுபடாது. 1982-ல ராம்தாஸ் ஸ்ரீநிவாஸ் நாயக் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது, கோர்ட்ல என்ன நடந்ததுன்னு ஜட்ஜ் பதிவு பண்ணினது தான் கடைசி வார்த்தை, அது தப்புன்னா விஷயம் ஜட்ஜ் மனசுல பசுமையா இருக்கும்போதே அதே ஜட்ஜ்கிட்ட போய் சொல்லணும், மேல வந்து மறுக்க முடியாது. வக்கீல்கள் எழுத்துமூல வாதத்தை ஃபைல் பண்ணி வைக்கிறது ஏன் முக்கியம்னு இப்ப புரியும், எது வாதாடப்பட்டதுங்கிறதுக்கு ரெக்கார்டுலயே ஆதாரம் இருக்கும்.

கடைசி வகை மௌனம். வாதம் பதிவாகியிருக்கும், பதில் இருக்காது. எல்லா மௌனமும் குத்தமில்ல, சில வாதத்துக்கான பதில் மத்த பதில்லயே அடங்கியிருக்கும். ஜட்ஜ் கையெழுத்தை உண்மைன்னு தீர்மானிச்சுட்டா, கள்ளக் கையெழுத்துங்கிற வாதம் போச்சுன்னு தனியா எழுதத் தேவையில்ல. ஆனா தனியா நிக்கிற வாதம்னா? ஸ்பெயின்ல பார் நடத்தின ஒருத்தர் உள்ள கேம் மெஷின் வச்சார்னு கட்டட உரிமையாளர் வாடகை ஒப்பந்தத்தை முறிக்கச் சொல்லி கேஸ் போட்டார். பார்க்காரரோட ஒரு வாதம், கேஸ் போடுற காலக்கெடு முடிஞ்சுபோச்சுங்கிறது. மேல் கோர்ட் அவரைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க, காலக்கெடு பத்தி ஒரு வார்த்தை இல்ல. ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட் 1994 டிசம்பர்ல சொன்னது இது: எல்லா வாதத்துக்கும் விரிவா பதில் வேணும்னு நாங்க கேட்கல, ஆனா காலக்கெடு வாதம் ஜெயிச்சிருந்தா கேஸே முடிஞ்சிருக்கும், அதுக்கு தனியா வெளிப்படையா பதில் வேணும், பதில் இல்லாததால கோர்ட் அதை கவனிக்காம விட்டுட்டாங்களா, இல்ல தள்ளணும்னு நினைச்சாங்களா, நினைச்சா ஏன், எதுவுமே தெரியல. நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டதுன்னு தீர்ப்பு. இந்தியாவுல இதே காலக்கெடு (லிமிடேஷன்) இன்னும் பலமான பாயிண்ட், காலாவதிச் சட்டம் 3-வது பிரிவு படி பிரதிவாதி எடுக்காம விட்டாக்கூட கோர்ட் அதைப் பார்த்தே ஆகணும், அதனால அதுல மௌனம்னா மன்னிக்கவே முடியாது.

மௌனத்தை விட எனக்கு அதிகமா உறுத்துறது வேற ஒண்ணு, வாதத்தை நோஞ்சானாக்கிட்டு அடிக்கிறது. வக்கீல் சொன்னது "இந்த சூழ்நிலையில நோட்டீஸ் கொடுத்திருக்கணும்", தீர்ப்புல வர்றது "எல்லா கேஸுலயும் நோட்டீஸ் கட்டாயம்னு வாதாடினார், அது ஏற்கத்தக்கதல்ல". வாதாடாததை தள்ளியிருக்காங்க, வாதாடினது அப்படியே நிக்குது. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி எழுத்துமூல வாதத்தை ஒரு பக்கம், தீர்ப்பை ஒரு பக்கம் வச்சு படிக்கிறதுதான். முன்தீர்ப்பைக் கையாள்றதுலயும் இது நடக்கும். "அந்த வழக்கின் பொருண்மைகள் வேறு"ன்னு ஒரு வரியில ஒதுக்குவாங்க, எந்தப் பொருண்மை வேற, அந்த வித்தியாசம் சட்டத்துக்கு ஏன் முக்கியம்னு சொல்ல மாட்டாங்க. உலகத்துல எந்த ரெண்டு கேஸும் எல்லா விதத்துலயும் ஒண்ணா இருக்காது, அதனால வேறன்னு மட்டும் சொன்னா அது காரணமே ஆகாது.

நீளமும் காரணமாகாது. இருபது பக்கத்துக்கு ரெண்டு தரப்பு வாதத்தையும் அப்படியே எடுத்துப் போட்டுட்டு "இருதரப்பு வாதங்களையும் பரிசீலித்ததில்"னு ஆரம்பிச்சு ஒரே பாராவுல முடிக்கிற தீர்ப்பு எத்தனையோ படிச்சிருக்கேன், அங்க பரிசீலனை எங்க நடந்ததுன்னு தேடணும். 2022-ல ஸ்டேட் பேங்க் எதிர் அஜய் குமார் சூட் வழக்குல ஒரு ஹைகோர்ட் தீர்ப்பைப் படிச்சு புரிஞ்சுக்கவே முடியலன்னு சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணி திருப்பி அனுப்பினாங்க, பாராவுக்கு நம்பர் போடுங்க, பிரச்சனை என்ன, சட்டம் என்ன, அதை எப்படி பொருத்துறீங்க, முடிவு என்ன, இந்த வரிசையில எழுதுங்கன்னு வழிகாட்டுதலும் கொடுத்தாங்க.

காப்பி அடிக்கிறது பத்தி ஒரு நல்ல உதாரணம் கனடாவுல இருக்கு. பிரசவத்துல குழந்தைக்கு மூளை பாதிப்பு வந்த ஒரு மருத்துவமனை வழக்கு. டிரையல் ஜட்ஜ் எழுதின 368 பாராவுல 321 பாரா வாதி தரப்பு எழுத்துமூல வாதத்துல இருந்து கிட்டத்தட்ட அப்படியே எடுத்தது, 47 பாராதான் சொந்தம். சுயமா யோசிக்கலன்னு பிரதிவாதிகள் அப்பீல். 2013-ல கனடா சுப்ரீம் கோர்ட், இது நல்ல பழக்கம் இல்ல, ஆனா காப்பி அடிச்சதுங்கிற ஒண்ணை மட்டும் வச்சு தீர்ப்பை ரத்து பண்ண முடியாதுன்னாங்க. ஏன் அப்படி சொன்னாங்கங்கிறதுதான் நம்ம விஷயத்துக்கு முக்கியம். அந்த ஜட்ஜ் வாதி தரப்பு சொன்ன எல்லாத்தையும் ஏத்துக்கல, ஜெயிச்ச பக்கத்தோட சில முக்கியமான வாதங்களைத் தள்ளியிருந்தார். அந்த நிராகரிப்பே அவர் தனியா யோசிச்சார்ங்கிறதுக்கு சாட்சி ஆச்சு.

மூணாவது கேள்வி, தள்ளுபடி ஆன வாதம் செத்துப்போச்சா? உங்க கேஸைப் பொறுத்தவரை அப்பீல் கதவு மூடுற வரைக்கும் சாகல. சட்டத்தைப் பொறுத்தவரை சில வாதங்கள் சாகவே சாகாது. இதுக்கு 1976-ல வந்த ஏ.டி.எம். (கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட்) ஜபல்பூர் வழக்கை விட பெரிய சாட்சி எனக்குத் தெரியல. எமர்ஜென்சி காலம், விசாரணை இல்லாம அடைச்சு வச்சவங்க ஆட்கொணர்வு மனு போட்டாங்க, ஒன்பது ஹைகோர்ட் அவங்க பக்கம் நின்னது. அரசு சொன்னது, உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு கொடுக்கிற அரசியலமைப்பு 21-வது பிரிவை அமல்படுத்த கோர்ட்டுக்குப் போற உரிமையை ஜனாதிபதி உத்தரவு நிறுத்தி வச்சிருக்கு, அதனால மனு போடவே முடியாது. அடைபட்டவங்க தரப்பு வாதம், உயிரும் சுதந்திரமும் 21-வது பிரிவு கொடுத்த தானம் இல்ல, அந்தப் பிரிவு இல்லன்னாலும் சட்டத்தோட அதிகாரம் இல்லாம அரசு ஒருத்தரை அடைக்க முடியாது. விசாரணையில நீதிபதி எச்.ஆர்.கன்னா, அட்டர்னி ஜெனரல் நிரேன் டேகிட்ட கேட்டார், ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகையில ஒருத்தரைக் கொன்னாக்கூட கோர்ட்ல வழி இல்லையான்னு. எங்க வாதப்படி எமர்ஜென்சி இருக்கிற வரைக்கும் இல்லன்னு பதில் வந்துச்சு. ஒரு வாதத்தை அதோட கடைசி எல்லை வரைக்கும் கூட்டிட்டுப் போய் என்ன ஆகுதுன்னு பார்க்கிறது ஒரு ஜட்ஜ் செய்ய வேண்டிய வேலை, அதை கன்னா செஞ்சார். அந்த பதிலுக்கப்புறமும் நாலு பேர் அரசு வாதத்தை ஏத்துக்கிட்டாங்க, கன்னா மட்டும் மாறுபட்டார். 1977-ல தலைமை நீதிபதி பதவிக்கு அவரைத் தாண்டி ஜூனியரை நியமிச்சாங்க, அவர் ராஜினாமா பண்ணிட்டார்.

1978-ல 44-வது திருத்தம் வந்து எமர்ஜென்சியிலயும் 20, 21 பிரிவுகளை நிறுத்த முடியாதுன்னு ஆச்சு. 2017-ல தனியுரிமை பத்தின புட்டசாமி வழக்குல ஒன்பது நீதிபதிகள் அமர்வுல ஜபல்பூர் தீர்ப்பு தப்புன்னு பேர் சொல்லியே தூக்கினாங்க, அதை எழுதின டி.ஒய்.சந்திரசூட்டோட அப்பா ஒய்.வி.சந்திரசூட் 1976-ல அந்த நாலு பேர்ல ஒருத்தர். 41 வருஷம் கழிச்சு ஏத்துக்கிட்டது எதை? உயிரும் சுதந்திரமும் அரசியலமைப்பு கொடுத்தது இல்ல, அது மனுஷனோட கூடவே பொறந்ததுங்கிற, அன்னைக்கு தள்ளின அதே வாதத்தை. அது திரும்பி வர முடிஞ்சதுக்கு காரணம் கன்னா அதை முழுசா, காரணத்தோட எழுதி வச்சதுதான். ஒரு மாறுபட்ட தீர்ப்பு செய்யற வேலையே இது, தோத்த வாதத்தை கெடாம பத்திரமா வச்சிருக்கும். 1950-ல தடுப்புக் காவல் பத்தின ஏ.கே.கோபாலன் வழக்குல நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டு எழுதினது 1970-லயும் 1978-ல மேனகா காந்தி வழக்குலயும் திரும்பி வந்துச்சு, அமெரிக்காவுல 1896-ல சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் ஹார்லன் தனியா நின்னு இனப்பிரிவினைக்கு எதிரா எழுதினது 1954-ல வேற பெஞ்சோட ஒருமித்த குரலாச்சு. மாறுபட்ட தீர்ப்பு எல்லாமே சரின்னு இதுக்கு அர்த்தம் இல்ல, பெரும்பாலானதை யாரும் திரும்பிப் பார்க்கிறதே இல்ல. ஆனா கூட இருக்கிற ஜட்ஜ் மாறுபட்டு எழுதப்போறார்னு தெரிஞ்சாலே பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதுறவர் எதிர்வாதத்தை மென்னு முழுங்க முடியாது.

மாறுபட்ட தீர்ப்பே வெளியிடாத கோர்ட்டும் இருக்கு. லக்சம்பர்க்ல இருக்கிற ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒரே குரல்லதான் பேசும், ஆனா அங்க பல கேஸுல அட்வகேட் ஜெனரல்னு ஒருத்தர் முன்கூட்டியே தன் கருத்தை விரிவா எழுதி வெளியிடுவார், கோர்ட் அதை ஏத்துக்கலன்னா தள்ளின வழி எதுங்கிறது அதைப் படிச்சா தெரியும். பிரான்ஸ் உச்ச நீதிமன்றம் ரொம்ப காலமா ஒரே நீள வாக்கியத்துல, முன்தீர்ப்பு பேர்கூட சொல்லாம எழுதிட்டு இருந்தாங்க, 2019 அக்டோபர்ல இருந்துதான் சாதாரண வாக்கியம், நம்பர் போட்ட பாரான்னு மாறினாங்க.

இனி உங்க தீர்ப்பை என்ன பண்றது. பத்து பாயிண்டையும் ஒரு தாள்ல எழுதி, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல தீர்ப்போட பாரா நம்பரைப் போடுங்க, பதில் இருக்கா, திறந்து விட்டிருக்காரா, வலியுறுத்தலன்னு எழுதியிருக்காரா, உருவத்தை மாத்தியிருக்காரா, மௌனமான்னு குறிங்க. அப்புறம் மௌனமா இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் ஒரே கேள்வி, இது ஜெயிச்சிருந்தா முடிவு மாறியிருக்குமா? மாறாதுன்னா மனசுல இருந்து எடுத்துடுங்க, அதையும் அப்பீல்ல சேர்த்தா நல்ல பாயிண்ட் கூட்டத்துல காணாமப் போயிடும். மாறும்னா அதுதான் உங்க முதல் கிரவுண்ட்: இன்ன வாதம் எழுத்துமூல வாதத்துல இன்ன பக்கத்துல இருக்கு, தீர்ப்புல பதில் இல்ல, பரிசீலிச்சிருந்தா இன்னது நடந்திருக்கும், இந்த மூணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க. "வலியுறுத்தப்படவில்லை"ன்னு தப்பா பதிவாகியிருந்தா அப்பீலுக்கு காத்திருக்காம உடனே அதே ஜட்ஜ்கிட்ட குறிப்பிடச் சொல்லுங்க. ரிவியூ (அதே கோர்ட்லயே மறுபரிசீலனை கேட்கிற மனு) போட்டு மொத்தத்தையும் திரும்ப வாதாடலாம்னு நினைக்காதீங்க, பார்த்த உடனே தெரியிற பிழை மாதிரி குறுகலான காரணங்களுக்குத்தான் அது.

முதல் அப்பீல்லதான் உண்மை, சட்டம் ரெண்டையும் முழுசா திரும்ப பார்ப்பாங்க, ரெண்டாவது அப்பீலுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 100-வது பிரிவு படி கணிசமான சட்டக் கேள்வி வேணும், அதனால விட்டுப்போன பாயிண்டை எல்லாம் முதல் அப்பீல்லயே வைங்க. முதல் அப்பீல் கோர்ட் கீழ்க் கோர்ட் தீர்ப்பை மாத்துறதா இருந்தா அந்த ஜட்ஜ் சொன்ன காரணங்களோட நேருக்கு நேர் மோதி பதில் எழுதணும்னு 2001-ல சந்தோஷ் ஹசாரி வழக்குல இருக்கு, உறுதி பண்றதா இருந்தா பொதுவா ஒத்துப்போறேன்னு சொல்றது சில நேரம் போதும், ஆனா கடமையில இருந்து நழுவ அதை சாக்கா வைக்கக்கூடாது. சிவில் தீர்ப்பாணைக்கு அப்பீல் காலக்கெடு ஹைகோர்ட்டுக்கு 90 நாள், மத்த கோர்ட்டுக்கு 30 நாள், நகல் வாங்குறதுக்கு ஆகுற நாளை கழிச்சுக்கலாம். நகலுக்கு இன்னும் மனு போடலன்னா முதல்ல அதைப் போடுங்க.